கன்னிமேட்டின் நாற்பத்து மூன்று செடிகள்

தபால்காரர் கார்டைக் கொடுத்துவிட்டு நகராமல் நின்றார். வழக்கமாக வாசலில் இருக்கும் மூட்டைமேல் கடிதங்களைப் போட்டுவிட்டு நடையைக் கட்டுகிறவர். அவர் நின்ற விதத்திலேயே கார்டில் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"மதுராந்தகத்திலேருந்து வந்திருக்கு பாய்" என்றார். "அந்தப் பூச்செடி அம்மா."

சாம்பிராணித் தட்டைக் கீழே வைத்துவிட்டுப் படித்தேன். அந்த அம்மாளின் அண்ணன் நாலே வரி எழுதியிருந்தார். தங்கை திரிபுரசுந்தரி வெள்ளிக்கிழமை காலை சிவபதவி அடைந்தாள். காரியங்கள் அன்றே முடிந்தன. தெரிந்தவர்களுக்குச் சொல்லவும். கார்டு செங்கற்பட்டு வந்து சேர்ந்தது திங்கட்கிழமை. மதுராந்தகம் இங்கிருந்து ரயிலில் ஒரு மணி நேரம்கூட இல்லை. அந்த ஒரு மணி நேரத் தூரத்தில் அவர் போய் மூன்று நாளாகியும் நான் கடையில் கடுக்காய் நிறுத்துக்கொண்டிருந்தேன்.

அம்மாளிடம் கல்லூரியில் படித்த நீங்கள் சேர்ந்து ஒரு நினைவு மலர் போடப்போவதாக அண்ணன் பிறகு சொன்னார். நாட்டு மருந்துக் கடைக்காரனுக்கு அதில் எழுத என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தோன்றலாம். நீங்கள் அவரை வகுப்பில் பார்த்தீர்கள். நான் ஒன்பது வருஷம் அவரைக் கடைத்தெருவிலும் புதர்க்காட்டிலும் கடற்கரை மணலிலும் பார்த்தேன். அவரைப் பற்றி ஒரு விஷயம் உங்களுக்குத் தவறாகத் தெரியும். அதற்காகவே எழுதுகிறேன்.

முதல் நாள் அவர் என் கடையில் கேட்டது சாலாமிசிரி. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: அது விரல் நுனி அளவில் உலர்ந்த கிழங்கு. பாலில் காய்ச்சி ஆண்கள் பலத்துக்குச் சாப்பிடுவது. கடையில் வேறு ஆள் இல்லாத நேரம் பார்த்து, தலையைச் சொறிந்துகொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்கும் சரக்கு. ஆந்திரா பிரிவதற்கு இரண்டு வருஷம் முந்தி, சந்தை நாள் கூட்டத்துக்கு நடுவே, நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மாள் தோளில் துணிப்பையும் காலில் டயர்ச் செருப்புமாக வந்து நின்றார். "சாலாமிசிரி இருக்கா பாய்? எத்தனை ரகம் இருக்கோ அத்தனையும் காட்டுங்க" என்று உரக்கக் கேட்டார். ஓமம் வாங்க வந்த இரண்டு பேர் வாங்காமலே போய்விட்டார்கள்.

நான் டப்பாவைத் திறந்து காட்டினேன்.

"இது எங்கேருந்து வருது?"

"காபூல் சரக்கும்மா. பம்பாய் வழியா வருது."

என் தகப்பனார் சொல்லிக்கொடுத்த பதில் அது. அந்த அம்மாள் ஒரு கிழங்கை எடுத்து, நகத்தால் சுரண்டி, விழுந்ததைக் காகிதத்தில் பிடித்து, பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்துப் பார்த்தார். பிறகு கண்ணாடியை என்னிடம் நீட்டினார். வெள்ளை மணல். நடுவே பளபளவென்று கிளிஞ்சல் தூள்.

"காபூல்ல கடல் இருக்கா பாய்?"

காபூல் சரக்கு விலை கூடியபோதெல்லாம் நம் பக்கத்துக் கிழங்கைக் கலப்பது எங்கள் தொழிலில் இருந்த பழக்கம். அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "எனக்கு காபூல் கிழங்கு வேண்டாம். இதுதான் வேணும். இதை யார் தோண்டிக் கொண்டுவராங்க?" என்று மட்டும் கேட்டார். அன்றைக்குத்தான் எனக்கு, மூன்று தலைமுறையாக நாங்கள் விற்கும் இந்தக் கிழங்கு ஆர்க்கிட் என்ற ஜாதிச் செடியினுடையது என்பதும், அதில் பூ என்று ஒன்று பூக்கும் என்பதும் தெரிந்தது.

அவர் திருக்கழுக்குன்றத்தில் பிறந்தவர். தகப்பனார் கோயில் மணியக்காரர். அந்தக் கோயில் அம்மன் பெயரையே பெண்ணுக்கும் வைத்திருந்தார். சென்னையில் தாவரவியல் படித்த காலத்தில் மாணவர்களை மலைக்கு அழைத்துப்போனார்களாம். மரத்துக்கு மரம் ஆர்க்கிட் பூத்துத் தொங்க, எல்லோரும் வாயைப் பிளந்துகொண்டு நிற்க, இவர் பேராசிரியரிடம், "எங்க ஊர்ப் பக்கம் என்னென்ன இருக்கு சார்?" என்று கேட்டிருக்கிறார். "சமவெளியில் பார்க்க ஒன்றுமில்லை" என்று பதில் வந்ததாம். "ஒன்றுமில்லைன்னு சொன்னவர் ஒருநாள்கூட இங்க வந்து பார்த்ததில்லை பாய். எனக்கு அதுதான் தாங்கலை" என்பார். அந்த ஒரு பதிலுக்குப் பின்னாலேயே இருபது வருஷம் நடந்தார்.

உங்கள் கல்லூரிக்கு அவர் எப்படி வந்து போனார் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். விடிந்ததும் செங்கற்பட்டில் ரயில் ஏறி, தாம்பரத்தில் மின்சார வண்டிக்கு மாறுவார். சனி ஞாயிறு எதிர்ப்பக்கம். மதுராந்தகம் ஏரிக்கரை, கருங்குழி, திருக்கழுக்குன்றம் மலையடிவாரம், சிறுசேரிப் பக்கத்துக் கருவேலங்காடு, கல்பாக்கத்துக் குப்பம் வரைக்கும் கடலோரம். கையில் ஒரு தகரப் பெட்டி, பழைய செய்தித்தாள் கட்டு. ஊருக்குள் நுழைந்தால் அம்மை குத்த வந்திருக்கிறார்கள் என்று பிள்ளைகள் ஓடி ஒளியும். அவர் சிரித்துக்கொண்டே பெட்டியைத் திறந்து, உள்ளே இலையும் கொடியும்தான் என்று காட்டிவிட்டுத்தான் மேலே நடப்பார். மாமரக் கிளையில் தொற்றிக்கொண்டு பழுப்பு நிறத்தில் பூக்கும் ஒன்று, மழை விட்ட பிறகு புல்லுக்குள் வெள்ளையாகத் தலைகாட்டும் ஒன்று என்று, ஒன்றுமில்லாத சமவெளியிலிருந்து ஏறக்குறைய இருபது வகை எழுதி வைத்திருந்தார். அத்தனையையும் படத்தோடு ஒரு புத்தகமாக்க வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு ஆசை இருந்ததாக எனக்குத் தெரியாது. "ஒரு செடி இருக்குன்னு சொல்ல ஒரு தடவை பார்த்தாப் போதும். இல்லைன்னு சொல்றதுக்கு ஆயுசு பத்தாது" என்று அடிக்கடி சொல்வார்.

கிழங்கு கொண்டுவருகிறவர் கன்னியம்மா. பூஞ்சேரிப் பக்கத்து இருளர் குடியிருப்பைச் சேர்ந்தவர். மாதம் இரண்டு முறை வேரும் பட்டையும் தேனும் கொண்டுவந்து என் கடையில் போடுவார். இருவரையும் நான்தான் சந்திக்க வைத்தேன். அதன் பிறகு அம்மாள் ரயிலிலிருந்து இறங்கினால் நேரே கடைக்கு வந்து, வந்த சரக்கைக் கிளறிப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்.

"இன்னா பாய், கெயங்குக்கு கண்ணாடி போட்டுகினு பாக்குது இந்தம்மா?" என்று கன்னியம்மா முதலில் சிரித்தார். நாளடைவில் அவரே, "அம்மா, இந்தா, இது புச்சா கீது பாரு" என்று தனியாக எடுத்துவைக்க ஆரம்பித்தார்.

ஆந்திரா பிரிந்த வருஷம், கோடை மழைக்குப் பிறகு, சாக்கின் அடியில் ஒரு கிழங்கு முளைவிட்டிருந்தது. மற்றவற்றைவிட உருண்டையாக, மேலே மூன்று வரி வளையத்தோடு இருந்தது. அம்மாள் அதைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு போய், கொளவாய் ஏரிக்குப் பக்கத்தில் அவர் குடியிருந்த வாடகை வீட்டில் ஒரு சட்டியில் நட்டார். கன்னியம்மாவிடம் சொல்லி அந்த இடத்து மணலையே கொண்டுவரச் செய்து போட்டார். ஒரு வருஷம் அது இலை விட்டது, காய்ந்தது, செத்தது போலக் கிடந்தது. அடுத்த வைகாசியில் இலையே இல்லாமல் ஒரு தண்டு மட்டும் எழும்பியது.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து நானும், கடையில் காத்திருந்த கன்னியம்மாவும் போய்ப் பார்த்தோம். முழ உயரத் தண்டில் பத்துப் பன்னிரண்டு பூ. காய்ந்த வைக்கோலின் நிறம். கீழ் இதழில் மட்டும், யாரோ முள்ளால் கீறி மை விட்டது போல ஊதாக் கோடுகள். அம்மாள் இரண்டு நாளாகக் கல்லூரிக்கு விடுப்பு எழுதிவிட்டு அதன் எதிரே உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தார்.

"இது எந்தப் புத்தகத்துலயும் இல்லை பாய்" என்றார்.

கன்னியம்மா குனிந்து பார்த்தார். "கன்னிமேட்டு கெயங்குதான் இது. பூவ எவன் பாத்தான்? நாங்க கெயங்கதான் பாப்போம்."

அந்த ஞாயிற்றுக்கிழமையே மூவரும் கன்னிமேட்டுக்குப் போனோம். திருக்கழுக்குன்றம் வரை பஸ், பிறகு மாட்டுவண்டி. மாமல்லபுரம் போகும் வழியில் பூஞ்சேரிக்கு இப்பால், களாவும் சூரையும் மண்டிய ஒரு மணல் மேடு. நடுவே இருளர்கள் கும்பிடும் கன்னியம்மனுக்கு ஒரு வேம்பும் மூன்று கல்லும். கல்யாணப் பந்தல் ஒன்று போடுமளவு இடத்தில் அந்த வைக்கோல் நிறத் தண்டுகள் நின்றன. தள்ளி நின்று பார்த்தால் காய்ந்த புல் என்றுதான் தோன்றும். அம்மாள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். மிதித்துவிடாமல் இருக்கவும் எண்ணிக்கை தப்பாமல் இருக்கவும், மடியில் கிளிஞ்சல் பொறுக்கிக்கொண்டு, ஒவ்வொரு செடியின் அடியிலும் ஒன்று வைத்துக்கொண்டே போனார். நாற்பத்து மூன்று.

ஒன்றைக்கூட அவர் பிடுங்கவில்லை. ஒரே ஒரு தண்டை அறுத்துக் காகிதத்தில் வைத்தார். வேப்பமரத்தடியில் புளிச்சோறு சாப்பிடும்போது என்னைப் பார்த்து, "இனிமே இதை வாங்க மாட்டேன்னு சொல்லுங்க பாய்" என்றார். "வாங்க மாட்டேம்மா" என்றேன்.

படத்தையும் காய்ந்த பூக்களில் இரண்டையும் அவர் தாவர ஆராய்ச்சித் துறையில் பெரிய பதவியில் இருந்த ஒருவருக்கு அனுப்பினார். ஆடி மாதம் பதில் வந்தது. புதிய இனமாக இருக்க இடமுண்டு. ஆனால் பூ மட்டும் போதாது. இலை, வேர், முற்றிய காயோடு முழுச் செடிகள் குறைந்தது நாலு வேண்டும். அடுத்த பூக்கும் பருவத்தில் நேரில் வந்து இடத்தைப் பார்க்கிறேன். தங்களுடைய சமவெளி ஆர்க்கிட் நூலை எங்கள் துறையே அச்சிடுவது பற்றியும் அப்போது பேசலாம். அந்தக் கடிதத்தை அம்மாள் கடையில் வைத்து எனக்குத் தமிழில் சொன்னபோது, இடையில் ஒரு முறை நிறுத்தித் தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

காய் முற்றும் நேரத்தில் கல்லூரியில் பரீட்சை. விடுப்புக் கிடைக்கவில்லை. "கன்னியம்மாகிட்டச் சொல்லுங்க பாய். நாலே நாலு செடி. வேர் அறுபடாம. நாலுக்கு மேல ஒண்ணுகூட வேண்டாம்" என்று சொல்லிவிட்டு ரயிலுக்கு ஓடினார்.

இனி நான் செய்ததைச் சொல்ல வேண்டும்.

பட்டணத்து மொத்த வியாபாரி ஒருவர் அந்தக் கிழங்கைக் கேட்டு இரண்டு முறை ஆள் விட்டிருந்தார். அம்மாவுக்கு நாலு போக, இன்னும் பத்துப் பதினைந்து வந்தால் அங்கே தள்ளிவிடலாம் என்று எனக்குத் தோன்றியது. அம்மாவும் கூடுதலாக இருந்தால் வேண்டாமென்றா சொல்வார் என்று என் மனத்துக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன். அந்த வாரம் கன்னியம்மா காய்ச்சலில் படுத்திருந்தார். அவருடைய தம்பி வீட்டு ஆட்கள் கடைக்கு வந்தார்கள். "கன்னிமேட்டுக் கிழங்கு செடியோட வேணும். எவ்வளவு கொண்டுவந்தாலும் எடுத்துக்கறேன்" என்றேன். நாலு என்ற சொல் என் வாயிலிருந்து வரவே இல்லை.

ஐந்தாம் நாள் சாயங்காலம் கன்னியம்மா தேறி, அவரே இரண்டு கூடைகளோடு வந்துவிட்டார். நான் துணியை விலக்கிப் பார்த்துவிட்டு அப்படியே மூடினேன். மூடிய கை கூடையில் இருக்கும்போதே ரயிலிலிருந்து இறங்கி அம்மாளும் வந்துவிட்டார்.

அவர் கூடைக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தார். ஒவ்வொன்றாக எடுத்துப் பக்கத்தில் வைத்தார். கிழங்கு, இலை, காய். சில காய்கள் இன்னும் பச்சை. முடிந்ததும், வாய்க்குள் சொல்வது போல, "நாற்பத்து மூணு" என்றார்.

அவர் நிமிர்ந்து கன்னியம்மாவைப் பார்த்தார்.

"ஒண்ணுகூட விடலையா கன்னியம்மா?"

"அம்மாதான் ஒவ்வொண்ணுக்கும் கிளிஞ்சலு வெச்சி அடையாளம் காட்டிகீதே" என்றார் கன்னியம்மா, நல்லது செய்துவிட்ட முகத்தோடு. "இல்லாங்காட்டி இந்தப் பில்லுல எங்க கண்டுபுடிக்கிறது? எவ்ளோ இருந்தாலும் குடுங்கன்னு பாய்தான் சொல்லிகீறாரு."

அம்மாள் என் பக்கம் திரும்பினார். "நாலு வரைக்கும் எண்ணத் தெரியாதா பாய் உங்களுக்கு?"

ஒன்பது வருஷத்தில் அவர் என்னை வருத்திச் சொன்னது அது ஒன்றுதான்.

மறுநாள் பரீட்சை வேலையை விட்டுவிட்டு அவர் எங்களோடு கன்னிமேட்டுக்கு வந்தார். குழிகளைத் தேட வேண்டியிருக்கவில்லை. ஒவ்வொன்றின் பக்கத்திலும் கிளிஞ்சல் அப்படியே இருந்தது. நாங்கள் மூவரும் மண்டியிட்டு, மண்ணைக் கையால் அள்ளிப் போட்டு, பாதிக்கு மேல் திரும்ப நட்டோம். மிச்சத்தை அவர் வீட்டுச் சட்டிகளில் வைத்தார். நடும்போதே அவர் சொன்னார்: இந்தச் செடியின் வேர் மண்ணுக்குள் இருக்கும் ஏதோ ஒரு பூஞ்சணத்தோடு சேர்ந்துதான் பிழைக்கும், அந்தச் சேர்க்கை அறுந்துவிட்டால் மறுபடி ஒட்டுவது அபூர்வம். சொல்லிவிட்டு அடுத்த குழிக்கு நகர்ந்தார். ஐப்பசி மழையில் மேடு முழுக்கத் தண்ணீர் நின்றது. சட்டியில் இருந்தவை ஒவ்வொன்றாக அழுகின. முதலில் பூத்த அந்தச் செடியும் தை மாதத்தில் போயிற்று. அடுத்த வைகாசியில் கன்னிமேட்டில் புல் மட்டுமே இருந்தது.

அந்த வைகாசியில்தான் பெரிய அதிகாரி ஜீப்பில் வந்தார். வழி காட்டுவதற்கு என்னையும் அம்மாள் அழைத்திருந்தார். நல்ல வெயில். அதிகாரிக்கு நான் குடை பிடித்துக்கொண்டு நின்றேன்.

"எங்கே செடி?" என்று அவர் கேட்டார்.

"இல்லை."

"கடிதத்தில் நாற்பதுக்கு மேல் என்று எழுதியிருந்தீர்களே?"

"இருந்தது. நான்தான் எடுத்தேன்."

"எத்தனை?"

"எல்லாம்."

"கண்டுபிடித்தவர் கையாலேயே ஒரு இனம் அழிந்தது என்று நான் எழுத வேண்டியிருக்கும், தெரியுமா?" என்றார். அம்மாள் தலையசைத்தார். குடைக் கம்பு என் கையில் வழுக்கியது. நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

ஜீப் போன பிறகு வண்டியில் திரும்பும்போது நான் கேட்டேன், ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று.

"கன்னியம்மா ஜனங்க பேரைச் சொன்னா நாளைக்கே யாராவது போய் அவங்க குடிசையைப் பிரிப்பாங்க. உங்க பேரைச் சொன்னா கடைக்குப் பூட்டு போடுவாங்க. என்னை என்ன பண்ணிடுவாங்க?" பிறகு கொஞ்ச தூரம் போனதும், "கிளிஞ்சல் வெச்சது நான்தானே" என்றார்.

அவரை என்ன செய்தார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். காரணம்தான் தெரியாது. இருபது வருஷத்துக் கையெழுத்துப் பிரதி, தற்போது அச்சிடும் உத்தேசமில்லை என்ற இரண்டு வரியோடு திரும்பி வந்தது. அந்தச் செடியின் படத்தை மட்டும் அவர்கள் கோப்பில் வைத்துக்கொண்டார்கள். கல்லூரியில் மாணவிகளை அவரோடு வெளியூர் அனுப்புவது நின்றது. பெயர் வரவேண்டும் என்ற ஆசையில் ஒரு இடத்தையே துடைத்து எடுத்துவிட்டாராம் என்ற பேச்சு உங்கள் காதுக்கும் வந்திருக்கும். என் கடை ஒருநாளும் பூட்டப்படவில்லை.

அவர் அதற்குப் பிறகும் தேடினார். மாசி மகத்துக்கு மாமல்லபுரம் கடற்கரையில் இந்தப் பக்கத்து இருளர்கள் அத்தனை பேரும் வந்து கூடுவார்கள். சேலையையும் வேப்பங்கிளையையும் வைத்துக் குடில் கட்டிக்கொண்டு மணலில் தங்குவார்கள். முந்தின நாள் பிற்பகலே அம்மாள் நினைவிலிருந்து வரைந்த ஒரு படத்தோடு போய்விட்டார். கன்னியம்மா முன்னால், அவர் நடுவில், நான் பின்னால். குடில் குடிலாக, "இந்தச் செடியை எங்கேயாவது பார்த்திருக்கீங்களா?" என்று கேட்டுக்கொண்டு போனார்.

"தோ, இது நம்ம செய்யூராண்ட கெடந்திச்சி" என்றார் ஒரு கிழவர். "பஞ்சத்துல துன்னு பொயச்சோம்."

"இப்ப இருக்கா?"

"இப்போ உப்பளம் கீது அங்க."

இன்னொருத்தி கோவளம் பக்கம் என்றாள். இப்போது தென்னந்தோப்பு என்றாள் அதே மூச்சில். தன் ஆத்தா சொல்லக் கேட்டிருப்பதாக ஒருவர் சொன்னார், ஆத்தா இல்லை. அம்மாள் எல்லா ஊர்ப் பெயரையும் எழுதிக்கொண்டார். பொழுது சாய்வதற்குள் இரண்டு பக்கம் நிறைந்தது. அந்த இரண்டு பக்கத்தையும் அவர் இரண்டு வருஷம் நடந்தார். உப்பளம், தோப்பு, செங்கல் சூளை, யாரோ பணக்காரரின் கடற்கரை பங்களா. திரும்பி வந்து ஒவ்வொரு பெயரையும் ஒரு கோட்டால் அடித்தார். ஒன்றும் மிஞ்சவில்லை.

நயா பைசா வந்த வருஷம் கன்னிமேட்டையும் சவுக்குப் போடக் குத்தகைக்கு விட்டுவிட்டார்கள். நாங்கள் போனபோது புதர் வெட்டிக் கொளுத்தியாகிவிட்டது. வேம்பு இல்லை. மூன்று கல்லும் ஓரமாகத் தள்ளிக் கிடந்தது. கன்னியம்மா அவற்றைப் புடவைத் தலைப்பால் துடைத்து நேராக நிமிர்த்தி வைத்தார். கயிறு பிடித்து வரிசையாகக் குழி வெட்டிக்கொண்டிருந்த ஒரு ஆள், "இன்னாம்மா, இன்னாத்த தொலச்ச? தேடிகினே கீறியே?" என்று அம்மாளைக் கேட்டான்.

"ஒண்ணுமில்லப்பா" என்றார்.

அதற்கு அப்புறம் அவர் சனிக்கிழமைகளில் வீட்டிலேயே இருந்தார். கடைக்கு வந்தாலும் சாக்கைக் கிளறுவதில்லை. பெஞ்சில் உட்கார்ந்து ஒரு டீ குடித்துவிட்டு எழுந்து போவார். கால் வீங்கியது. சிறுநீரகம் என்றார்கள் ஆஸ்பத்திரியில். கல்லூரிக்கு ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு அண்ணன் வீட்டுக்கு மதுராந்தகம் போனார். நான் என்னிடம் இருந்த மூக்கிரட்டையும் நெருஞ்சிலும் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதனால் ஒன்றும் ஆகாது என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வாங்கி வைத்துக்கொண்டார்.

கடைசியாகப் பார்த்தது இந்தப் பங்குனியில். முகம் ஊதியிருந்தது. அண்ணன் தலையணையை முதுகுக்குக் கொடுத்து உட்கார வைத்தார். நான் வெகுநாளாக மனத்தில் வைத்திருந்ததை அன்று சொன்னேன்.

"அம்மா, அந்த அதிகாரிக்கு நான் எழுதிடறேன். எடுத்தது நீங்க இல்லை, நான்தான்னு."

"எழுதி?"

"உங்க பேராவது..."

"செடி வருமா பாய்?"

நான் தலை குனிந்துகொண்டேன்.

"இப்ப எழுதினா, பாவம், இந்தம்மா மேல தப்பில்லைன்னு பேசிப்பாங்க. எனக்கு அது எதுக்கு?" மூச்சு வாங்கியது. கொஞ்சம் பொறுத்து, "நீங்க போங்க. வண்டிக்கு நேரமாச்சு" என்றார். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. சொல்லக்கூடியவரும் அல்ல. இல்லாததை இருக்கிறது என்று அவர் எதைப் பற்றியும் சொன்னதில்லை.

கார்டு வந்த மறுநாள் போனேன். கூடத்தில் அவருடைய டிரங்குப் பெட்டி இருந்தது. இருபது வருஷத்துச் செடிகளும் காகிதமும் அதில்தான். "கல்லூரியில வைக்க இடமில்லைன்னு எழுதிட்டாங்க பாய். நீங்களாவது எடுத்துட்டுப் போங்க" என்றார் அண்ணன். திறந்தோம். போன மழையில் அடியிலிருந்து ஈரம் ஏறி, பூச்சி விழுந்து, கையெழுத்துப் பிரதி ஒரே கட்டியாக இறுகியிருந்தது. செடி ஒட்டிய தாள்களை எடுக்க எடுக்கத் தூள் கொட்டியது. கன்னிமேட்டுத் தாளில் மூலையில் அவர் கையால் எழுதிய இடமும் மாதமும் இருந்தன. பூவைத் தைத்திருந்த இடத்தில் நாலு நூல் முடிச்சு மட்டும் இருந்தது. அண்ணன் பெட்டியை மூடினார். நான் எடுத்துவரவில்லை.

அம்மாள் வேண்டாமென்று சொன்னதையும் மீறி, அந்த அதிகாரிக்குப் போன வாரம் எழுதினேன். அவர் ஓய்வு பெற்றுவிட்டார், முகவரி தெரியாது என்று கடிதம் திரும்பிவிட்டது.

இதை அவர் இருக்கும்போதே சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். கடை இருந்தது, பிள்ளைகள் இருந்தார்கள், பயந்தேன். வேறு காரணம் எதுவும் இல்லை. இப்போது சொல்வதால் கன்னிமேட்டில் எதுவும் முளைக்கப்போவதில்லை. அங்கே சவுக்கு ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து நிற்கிறது. ஒன்றுமில்லை என்று அந்தப் பேராசிரியர் சொன்னது அந்த ஒரு மேட்டைப் பொறுத்தவரை உண்மையாகிவிட்டது. அதை உண்மையாக்கியவர் திரிபுரசுந்தரி அம்மாள் அல்ல.

அவர் எனக்கென்று ஒரு தாளோ ஒரு பூவோ விட்டுவிட்டுப் போகவில்லை. வெயிலில் அந்த அதிகாரி கேட்டபோது அவர் சொல்லாமல் விழுங்கிய ஒரு பெயர்தான் அவரிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது. நீங்கள் எல்லோரும் என்னை பாய் என்றே அறிவீர்கள். என் பெயர் அப்துல் ரஷீது. செங்கற்பட்டுக் கடைத்தெருவில் நாட்டு மருந்து விற்கிறேன். அந்த நாற்பத்து மூன்று செடிகளையும் பிடுங்கிவரச் சொன்னவன் நான்.